குப்பியில் கேட்டவை: சாதாரண வகையீட்டுச் சமன்பாடுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டு விறாந்தையில் 2022 இலிருந்து குப்பி எடுத்து வருகிறேன். குப்பி என்றால் தெரியாதவர்களுக்கு: சோதனைக்கு முதல் சீனியர்மார் ஜூனியர்மாருக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கில் இருந்து வந்த பேர். நான் தொடங்கிய வருடம் மின்வெட்டும் இருந்தது, குப்பி விளக்குக்கு ஊற்ற மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. போன் வெளிச்சத்தில்தான் முதல் வகுப்பு நடந்தது.

ஒவ்வொரு பட்ச்சும் அதே கேள்விகளோடுதான் வருகிறது. அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன், இப்போது விடைகளோடு தருகிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றில் தங்கியிருப்பதால் வரிசையாக வாசிப்பது நல்லது. போனில் குறியீடுகள் சிதறிவிடுகின்றன என்று பலர் முறைப்பட்டதால் சமன்பாடுகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். "வை டாஷ்" என்றால் வை-ஐ எக்ஸ் குறித்து ஒருமுறை வகையிட்டது, "வை டபிள் டாஷ்" என்றால் இருமுறை. "ஈ" என்பது 2.718 என்று தொடங்கும் எண், "சி" தொகையிடும்போது வரும் மாறிலி, "டீ" என்றால் நேரம்.

அக்கா, இது என்ன பாடம்? ஏ.எல்.லை படிச்சதோட இதுக்கு என்ன தொடர்பு?

இவ்வளவு நாளும் நீங்கள் தீர்த்த சமன்பாடுகளில் தேடியது ஓர் எண்ணை. இங்கே தேடுவது ஒரு சார்பை. அந்தச் சார்பு என்னவென்று கேள்வி சொல்லாது, அது எப்படி மாறுகிறது என்று மட்டும் சொல்லும்.

கடையில் ஒரு வெறுந்தேத்தண்ணி வாங்கி வைக்கிறீர்கள் என்று எடுங்கள். தேத்தண்ணி 90 பாகை, யாழ்ப்பாணத்துக் காற்று 30 பாகை. நியூற்றனின் குளிரல் விதிப்படி, தேத்தண்ணி சுற்றாடலைவிட எவ்வளவு கூடச் சூடாக இருக்கிறதோ, ஆறும் வீதமும் அதற்கு விகிதசமம். தொடக்கத்தில் மிகை 60 பாகை. 5 நிமிடத்தில் தேத்தண்ணி 70 பாகைக்கு வந்தால் மிகை 40, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அடுத்த 5 நிமிடத்திலும் மிகை மூன்றில் இரண்டு பங்காகும்: ஏறத்தாழ 26.7, தேத்தண்ணி 57 பாகைக்குக் கிட்ட. முதல் 5 நிமிடத்தில் 20 பாகை இறங்கியது, அடுத்த 5 நிமிடத்தில் 13 பாகைதான். அந்த விதியை எழுதினால் அது வகையீட்டுச் சமன்பாடு. எந்த நேரத்திலும் வெப்பநிலையைத் தரும் சூத்திரம் அதன் தீர்வு.

உயர்தரத்தில் எளிமை இசை இயக்கம் செய்தீர்கள்தானே? முடுக்கம் = −(ஒமேகா வர்க்கம்) × இடப்பெயர்ச்சி. அது ஓர் இரண்டாம் வரிசை (இருமுறை வகையிட்டது வரும்) வகையீட்டுச் சமன்பாடு. பேரைச் சொல்லாமலே உங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

"சாதாரண" எண்டா லேசானதோ?

இல்லை. சாரா மாறி ஒன்றே ஒன்று என்பதுதான் அதன் கருத்து. தேத்தண்ணியில் நேரம் மட்டுமே மாறுகிறது. ஓர் இரும்புக் கம்பியின் வெப்பநிலை இடத்துக்கு இடமும் நேரத்துக்கு நேரமும் மாறினால் அது பகுதி வகையீட்டுச் சமன்பாடு, வேறு பாடம்.

எனக்கு இணைந்த கணிதத்திலை சி தான் வந்தது. இந்தப் பாடம் தாங்குமோ?

தாங்கும். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். என் விறாந்தையில் இந்தப் பாடத்தில் விழுந்தவர்களில் அநேகம் பேர் வகையீட்டுச் சமன்பாட்டில் விழவில்லை, தொகையிடலில் விழுந்தார்கள். முறை சரி, வேறாக்கியது சரி, பிறகு பகுதிப் பின்னத்தில் ஒரு குறிப் பிழை, அதோடு பக்கம் முழுக்கப் பிழை. என் முதலாவது இன்கோர்ஸும் (பாடத்தின் இடையில் வைக்கும் சோதனை) அப்படித்தான் போனது.

தொடங்க முதல் இரண்டு கிழமை ஒதுக்குங்கள். பகுதிப் பின்னங்கள், பகுதிகளாகத் தொகையிடல், பிரதியீடு, மடக்கை விதிகள், சிக்கலெண்ணின் அடிப்படை. இவ்வளவும் போதும். பழைய ரியூசன் கொப்பியைத் தூசு தட்டி எடுங்கள், புதுப் புத்தகம் தேவையில்லை. முப்பரிமாணக் கேத்திரகணிதத்தில் நீங்கள் வீக் என்றால் இந்தப் பாடத்துக்கு அது பிரச்சினையே இல்லை.

நாங்கள் தமிழிலை படிச்சிட்டு வந்தனாங்கள். இஞ்சை எல்லாம் இங்கிலிஷ். என்ன செய்யிறது?

விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதல் மாதம் எல்லோருக்கும் தலை சுற்றும். ஆனால் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஐம்பது அறுபதுக்கு மேல் இராது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். சோதனை வினாக்களில் "தீர்க்க", "காட்டுக", "வாய்ப்புப் பார்க்க" என்பவற்றின் ஆங்கிலத்தை முதலில் எழுதுங்கள். "காட்டுக" என்று கேட்டதற்குத் தீர்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இணையத்தில் தமிழ் விளக்கம் தேடுபவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்கள். நாங்கள் வகையீட்டுச் சமன்பாடு என்பதை அவர்கள் வகைக்கெழுச் சமன்பாடு என்பார்கள். எங்கள் தாயம் அவர்களுக்கு அணி, எங்கள் ஏகபரிமாணம் அவர்களுக்கு நேரியல், எங்கள் ஏகவினமானது அவர்களுக்குச் சமபடித்தானது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்ல பாடங்கள் பல அங்கே இருக்கின்றன.

"ஹோமோஜீனியஸ்" எண்டு ஒருநாள் ஒண்டைச் சொல்லுறார், மற்றநாள் வேறை ஒண்டைச் சொல்லுறார். எது சரி?

இரண்டும் சரி, ஏகவினமானது என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு கருத்து. முதல் வரிசையில், வலப்பக்கம் முழுவதும் வை-யின் கீழ் எக்ஸ் என்ற விகிதத்தில் மட்டும் தங்கியிருந்தால் அந்தப் பெயர். ஏகபரிமாணச் சமன்பாட்டில் (வை-யும் அதை வகையிட்டவையும் முதலாம் படியில் மட்டும் வருவது), வலப்பக்கம் பூச்சியமாக இருந்தால் அதே பெயர். யார் இப்படிப் பேர் வைத்தார்களோ தெரியாது, நல்ல வேலை செய்யவில்லை. எந்த அதிகாரத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக் கருத்தை எடுங்கள்.

புத்தகத்துக்குப் பின்னாலை ஒற்றை எண் கணக்குக்கு மட்டும்தான் விடை இருக்கு. மற்றது சரியோ பிழையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே கேட்பேன். இந்தப் பாடத்தில் விடையைச் சரிபார்க்க விரிவுரையாளரும் தேவையில்லை, புத்தகத்தின் பின்பக்கமும் தேவையில்லை. கிடைத்த சார்பை வகையிட்டுச் சமன்பாட்டில் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒத்தால் அது தீர்வு. தொகையிட அரை மணித்தியாலம் எடுத்திருக்கலாம், வகையிட இரண்டு நிமிடம் போதும்.

ஒன்று செய்து பார்ப்போம். எக்ஸ் × வை டாஷ் + 2 வை = எக்ஸ்-கனம். எக்ஸால் வகுத்தால் வை-யின் குணகம் 2 ÷ எக்ஸ். தொகையீட்டுக் காரணி, அதாவது பெருக்கினால் இடப்பக்கத்தை ஒரே பெருக்கத்தின் வகையீடாக்கும் சார்பு, எக்ஸ்-வர்க்கம். பெருக்கித் தொகையிட்டால், வை = (எக்ஸ்-கனம் ÷ 5) + (சி ÷ எக்ஸ்-வர்க்கம்). இப்போது திருப்பிப் போடுங்கள். எக்ஸ் × வை டாஷ் தருவது எக்ஸ்-கனத்தின் ஐந்தில் மூன்று, கழித்தல் 2 சி ÷ எக்ஸ்-வர்க்கம். 2 வை தருவது எக்ஸ்-கனத்தின் ஐந்தில் இரண்டு, கூட்டல் 2 சி ÷ எக்ஸ்-வர்க்கம். கூட்டினால் சி வெட்டுப்பட்டு எக்ஸ்-கனம் வருகிறது. இனி உலகத்தில் யார் வந்து பிழை என்றாலும் அது சரி. எக்ஸால் வகுக்க மறந்து, 2 ஐ அப்படியே தொகையிட்டுக் காரணி "ஈ அடுக்கு 2 எக்ஸ்" என்று எடுப்பதுதான் இங்கே வழமையான பிழை. திருப்பிப் போட்டால் அது உடனே பிடிபடும்.

இன்னொரு பிழையும் இதில் பிடிபடும்: மாறிலியைக் கடைசியில் சும்மா ஒட்டுவது. வை டாஷ் = வை என்பதற்கு "ஈ அடுக்கு எக்ஸ், கூட்டல் சி" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வகையிட்டால் சி போய்விடும், வை-யில் சி நிற்கும், இரண்டும் ஒவ்வாது. தொகையிடும் அதே வரியில் சி-யை எழுதினால் அது அடுக்கில் ஏறி, கடைசியில் பெருக்கமாக வந்து நிற்கும்: சி × ஈ அடுக்கு எக்ஸ்.

என்ரை விடையும் சிநேகிதியின்ரை விடையும் வேறை வேறை. ஆனா ரெண்டு பேருக்கும் சரி போட்டிருக்கு!

வை டாஷ் = 2 சைன் எக்ஸ் கோசைன் எக்ஸ் என்று வைத்துப் பாருங்கள். ஒருவர் சைன் வர்க்கம் கூட்டல் சி என்பார், மற்றவர் கழித்தல் கோசைன் வர்க்கம் கூட்டல் சி என்பார். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 1, அதை மாறிலி விழுங்கிவிடும். சண்டை பிடிக்க முதல் இரண்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கணக்கைப் பாத்த உடனை எந்த முறை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

நான் பார்க்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் எக்ஸை ஒரு பக்கமும் வை-யை மறுபக்கமும் வேறாக்கலாமா? ஏலாவிட்டால், வை-யும் வை டாஷும் முதலாம் படியில் மட்டும் இருக்கிறதா? இருந்தால் தொகையீட்டுக் காரணி. அதுவும் இல்லையென்றால் வை-யின் கீழ் எக்ஸ் விகிதம் தெரிகிறதா, செப்பமான சமன்பாடா (எக்ஸும் வை-யும் கொண்ட ஒரே சார்பின் முழு வகையீடாக எழுதக்கூடியதா) என்று பார்ப்பேன். ஏகபரிமாணம் போலவே இருந்து வலப்பக்கத்தில் மட்டும் வை-யின் ஏதோ ஓர் அடுக்கு தொங்கினால் அது பேர்ணூலி. ஜேக்கப் பேர்ணூலி 1695 இல் அதைப் புதிராக வெளியிட்டார், அடுத்த வருடமே லைப்னிட்ஸ் ஒரு பிரதியீட்டால் ஏகபரிமாணமாக மாற்றிக் காட்டினார். அதே பிரதியீட்டைத்தான் நீங்களும் எழுதப் போகிறீர்கள்.

ஆனால் முறையை மனப்பாடம் செய்தால் மட்டும் கண் பழகாது. முப்பது கணக்கைத் தாளில் எழுதி, தீர்க்காமல், பக்கத்தில் முறையின் பேரை மட்டும் எழுதிப் பழகுங்கள். பஸ்ஸில் இருந்தே செய்யலாம்.

தண்ணித் தாங்கிக் கணக்கு வந்தாலே கை நடுங்குது. அதை எப்பிடித் தொடங்குறது?

உப்புத் தண்ணீர்க் கிணறு இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? கூரையில் ஒரு பெரிய தாங்கி, உள்ளே 1000 லீற்றர் தண்ணீர். அதற்குள் 2 கிலோ உப்புக் கரைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 10 லீற்றர் நல்ல தண்ணீர் உள்ளே போகிறது, நன்றாகக் கலந்து 10 லீற்றர் வெளியே வருகிறது. 100 நிமிடத்தில் எவ்வளவு உப்பு மிஞ்சும்?

விறாந்தையில் இதைக் கேட்டால் பாதிப் பேர் "உப்பே இராது" என்பார்கள், 1000 லீற்றர் புதுத் தண்ணீர் போய்விட்டதுதானே என்று. ஆனால் வெளியே போவது பழைய தண்ணீர் மட்டும் அல்ல, கலந்த தண்ணீர். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி: உப்பின் மாற்றவீதம் = உள்ளே வரும் உப்பு − வெளியே போகும் உப்பு. உள்ளே வருவது பூச்சியம். வெளியே போவது, ஒரு லீற்றரில் உள்ள உப்பு × 10, அதாவது மொத்த உப்பில் நூறில் ஒரு பங்கு. தீர்வு 2 × ஈ அடுக்கு (−டீ ÷ 100). 100 நிமிடத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 0.736 கிலோ, மூன்றில் ஒன்றுக்கும் மேல். பாதியாகக் குறையவே 69 நிமிடம் பிடிக்கும். தேத்தண்ணியை ஆற்றிய அதே சமன்பாடுதான் இது, கவனித்தீர்களா?

சோதனையில் இதை அப்படியே கேட்க மாட்டார்கள். வெளியே போவதை 8 லீற்றர் ஆக்குவார்கள். இப்போது தாங்கியில் தண்ணீர் ஏறுகிறது: 1000 + 2 டீ. கீழே 1000 என்றே எழுதிவிட்டால் மிச்சம் எல்லாம் வீண். சரியாக எழுதினால் மிஞ்சும் உப்பு, (1000 ÷ (1000 + 2 டீ)) இன் நான்காம் அடுக்கை 2 ஆல் பெருக்கியது. தாங்கி எத்தனை லீற்றரில் நிரம்பி வழியும் என்று கேள்வி சொல்லியிருந்தால், விடை அதுவரைக்கும்தான் செல்லும் என்றும் எழுதுங்கள்.

மூலம் ரெண்டும் ஒண்டா வந்தா எக்ஸாலை பெருக்கச் சொல்லினம். ஏன்? கேட்டா "அது அப்பிடித்தான்" எண்டினம்.

வை டபிள் டாஷ் − 4 வை டாஷ் + 4 வை = 0. வை-க்கு ஈ அடுக்கு (எம் × எக்ஸ்) என்று போட்டால் எம்-க்கு வரும் இருபடிதான் துணைச் சமன்பாடு, அதன் மூலம் 2, 2. ஈ அடுக்கு 2 எக்ஸ் ஒரு தீர்வு. இரண்டாம் வரிசைக்கு இரண்டு வேண்டும், மற்றது எங்கே?

மூலங்கள் 2 உம் 2.001 உம் ஆக இருந்திருந்தால் என்று நினையுங்கள். இரண்டு தீர்வுகளும் கிட்டத்தட்ட ஒரே வளையி, பிரித்துப் பார்க்கவே கஷ்டம். ஏகபரிமாணச் சமன்பாடு என்பதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 0.001 ஆல் வகுத்தாலும் அது தீர்வுதான். அந்த வித்தியாசத்தைச் சுருக்கிக்கொண்டே போங்கள். கழித்து வகுத்து எல்லை எடுப்பதுதானே வகையிடல்? மூலம் குறித்து வகையிட்டால் அடுக்கில் இருந்து எக்ஸ் கீழே இறங்குகிறது: எக்ஸ் × ஈ அடுக்கு 2 எக்ஸ். மூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது தொலைந்த தீர்வு அதுதான். நம்பாவிட்டால் திருப்பிப் போடுங்கள்.

பரிவிலையும் அதே மாதிரி எக்ஸ் வருதே?

வரும். வை டபிள் டாஷ் + 4 வை = கோசைன் 2 எக்ஸ். வலப்பக்கத்தில் உள்ளது இடப்பக்கத்தின் சொந்த அலைவு, பரிவு என்பது அதுதான். கோசைன் 2 எக்ஸ் என்று ஊகித்தால் இடப்பக்கம் பூச்சியமாகிவிடும், ஆகவே எக்ஸால் பெருக்க வேண்டும். சிறப்புத் தீர்வு (எக்ஸ் × சைன் 2 எக்ஸ்) ÷ 4. வீச்சம் நிற்காமல் வளர்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளியிருப்பீர்களே, அந்த வளர்ச்சிதான். உண்மை ஊஞ்சலில் காற்றும் கயிற்றின் உராய்வும் இருப்பதால் ஓர் அளவுக்கு மேல் போகாது. சமன்பாட்டில் வை டாஷ் உறுப்பைச் சேர்த்தால் அதுவும் தெரியும்.

அமெரிக்காவில் 1940 நவம்பர் 7 ஆம் திகதி விழுந்த டக்கோமா பாலத்தை இதற்கு உதாரணமாகப் பல புத்தகங்கள் காட்டும். அது இந்தக் கணக்கு அல்ல. காற்று ஒரு சீரான இடைவெளியில் வந்து தள்ளவில்லை. பாலத்தின் முறுக்கலே காற்றில் இருந்து தனக்குச் சக்தியை இழுத்து மேலும் மேலும் முறுகியது. சோதனையில் எழுத வேண்டாம், ஆனால் தெரிந்திருங்கள்.

ரொன்ஸ்கியன் பூச்சியம் எண்டா ரெண்டும் சார்ந்தது எண்டு எழுதலாமோ?

ரொன்ஸ்கியன் என்பது, முதற்சார்பு × இரண்டாவதை வகையிட்டது, கழித்தல் இரண்டாவது × முதலாவதை வகையிட்டது. இரண்டும் ஒரே ஏகபரிமாணச் சமன்பாட்டின் தீர்வுகளாகவும், குணகங்கள் தொடர்ச்சியாகவும் இருந்தால் மட்டும் எழுதலாம். சும்மா இரண்டு சார்புகளுக்கு எழுதக் கூடாது. எக்ஸ்-வர்க்கத்தையும், எக்ஸை அதன் மட்டுப் பெறுமானத்தால் பெருக்கியதையும் எடுங்கள். ரொன்ஸ்கியன் எங்கும் பூச்சியம். ஆனால் நேர்ப்பக்கத்தில் இரண்டும் ஒன்று, மறைப்பக்கத்தில் குறி மாறுகிறது. ஒரே மாறிலியால் ஒன்றை மற்றதாக்க முடியாது. பியானோ 19 ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய உதாரணம், இன்றும் வைவாவில் ஆளைக் கவிழ்க்கும்.

எல்லாச் சமன்பாட்டுக்கும் ஏதோ ஒரு முறை இருக்குந்தானே?

இல்லை. வை டாஷ் = எக்ஸ்-வர்க்கம் + வை-வர்க்கம். பார்த்தால் முதலாம் ஆண்டுக் கணக்குப் போல இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த சார்புகளை எத்தனைமுறை தொகையிட்டாலும் இதன் தீர்வு வராது என்று 1841 இல் லியூவில் நிறுவினார். தீர்வு இருக்கிறது, அதை எழுதும் சூத்திரம்தான் அந்தச் சார்புகளுக்குள் இல்லை. உங்கள் தாளில் வரும் கணக்குகள் தீர்க்கக் கூடியவையாகத் தெரிந்தெடுத்தவை. வெளியில் வருபவை அப்படி இல்லை.

அதனால்தான் எண்சார் முறைகள். ஒயிலர் 1768 இல் எழுதிய முறை: இப்போதைய சாய்வைப் பார், அந்தத் திசையில் ஒரு சின்ன அடி வை, திரும்பச் சாய்வைப் பார். வை டாஷ் = வை, தொடக்கத்தில் 1. எக்ஸ் 1 ஆகும்போது உண்மை விடை 2.718. பத்து அடி வைத்தால் 2.594, நூறு அடி வைத்தால் 2.705. ருங்கே 1895 இலும் குட்டா 1901 இலும் வளர்த்த நான்காம் வரிசை முறையில் ஒரே ஓர் அடி வைத்தாலே 2.708. சாய்வை நான்குமுறை பார்த்து நூறுமுறை பார்த்ததை வென்றுவிடுகிறது. கல்குலேற்றரில் செய்து பாருங்கள், எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

சோதினைக்கு ரெண்டு நாள்தான் கிடக்கு. எதைப் படிக்கிறது?

தொகையீட்டுக் காரணி, மாறாக் குணகங்களுள்ள இரண்டாம் வரிசை, தாங்கிக் கணக்கு ஒன்று. பிறகு பழைய தாள். புது அதிகாரம் திறக்க வேண்டாம். அடுத்தமுறை இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் முந்தி வாசியுங்கள்.

எங்கடை ஆக்கள் ஆராவது இந்தத் துறையிலை ஏதும் செய்திருக்கினமோ?

செய்திருக்கிறார்கள், அதுவும் சின்ன வேலை இல்லை. இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக இருந்தார். இலத்திரன் ஒன்று முடுக்கப்படும்போது கதிர்வீசிச் சக்தியை இழக்கும். அதையும் சேர்த்து எழுதினால் இயக்கச் சமன்பாட்டில் மூன்றாம் பெறுதி வந்துவிடுகிறது. உயர்தரத்தில் முடுக்கத்தோடு நின்றோமே, அதற்கும் அடுத்தது. புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகும் இலத்திரன் அதில் போய் விழும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இந்தச் சமன்பாட்டின்படி அது புரோத்தனை அடையவே மாட்டாது என்று 1943 இல் எலியேசர் காட்டினார்.

1976 இல் கிரே என்பவரோடு சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை, என் கண்ணில், இந்தப் பாடம் படிக்கிறவர்களுக்கு இன்னும் கிட்டியது. நேரத்தோடு விறைப்பு மாறும் ஓர் அலையியை எடுங்கள், சக்தி காக்கப்படாது. ஆனால் வேறு ஏதோ ஒரு கணியம் மாறாமல் இருக்கிறது. எர்மக்கோவ் 1880 இல் கண்ட அந்தக் கணியத்துக்குப் பௌதிகக் கருத்து என்ன? அந்த அலைவைத் தளத்தில் சுற்றும் ஒரு துணிக்கையின் நிழலாகப் பார், மாறாமல் இருப்பது அதன் கோண உந்தம் என்றார்கள் இருவரும். எளிமை இசை இயக்கத்தை வட்ட இயக்கத்தின் எறியமாக நீங்கள் உயர்தரத்தில் வரைந்தீர்களே, அதே படம்தான்.

தீர்வின் இருப்பு, ஒருமை எண்டு ஒரு தேற்றம் வருது. நிறுவலைப் பாடமாக்கிக்கொண்டு போனாக் காணுமோ?

காணாது, ஏனென்றால் கேள்வி நிறுவலில் வராமல் "இங்கே தேற்றம் ஏன் செல்லாது" என்று வரும். கிணற்றடியில் ஓட்டை வாளி ஒன்று கிடக்கிறது, வெறுமையாக. அது எப்போது வெறுமையானது? பத்து நிமிடத்துக்கு முன்னா, நேற்றா? வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் ஒருமை இல்லாத நிலை.

டொரிசெல்லியின் விதிப்படி நீர்மட்டம் இறங்கும் வீதம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். மாறிலியை 1 என்று வைத்து, உயரம் 4 இல் தொடங்கினால், உயரம் = (2 − டீ ÷ 2) இன் வர்க்கம். டீ = 4 இல் வாளி வெறுமை, அதன்பின் பூச்சியமாகவே இருக்கும். தேத்தண்ணி கணக்குப்படி ஒருநாளும் முற்றாக ஆறுவதில்லை, உப்பும் முற்றாகப் போவதில்லை. வாளி மட்டும் முடிவுள்ள நேரத்தில் முடிகிறது. இப்போது "டீ = 4 இல் உயரம் பூச்சியம்" என்பதை நிபந்தனையாக வைத்துப் பின்னோக்கிப் பாருங்கள்: இந்தத் தீர்வும் பொருந்தும், எப்போதும் பூச்சியம் என்பதும் பொருந்தும், 3 இலேயே வெறுமையானதும் பொருந்தும். வர்க்கமூலம் தொடர்ச்சியானது, ஆகவே தீர்வு இருப்பதைப் பியானோவின் தேற்றம் தருகிறது. ஆனால் பூச்சியத்தில் அதன் சாய்வு முடிவிலி, லிப்ஷிட்ஸ் நிபந்தனை (வை மாறும்போது வலப்பக்கம் ஓர் எல்லைக்கு மேல் வேகமாக மாறக் கூடாது என்பது) உடைகிறது, ஒருமை கைவிட்டுப் போகிறது.

நிறுவலை விளங்கிக்கொள்ள, பிக்காரின் மீள்செய்கையை (ஓர் ஊகத்தை வலப்பக்கத்தில் போட்டுத் தொகையிட்டு அடுத்த ஊகத்தை எடுப்பது) வை டாஷ் = வை, தொடக்கம் 1 என்பதற்குக் கையால் செய்யுங்கள். 1, பிறகு 1 + எக்ஸ், பிறகு அதோடு எக்ஸ்-வர்க்கம் ÷ 2. நாலாவது வரியில் என்ன தொடர் கட்டப்படுகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரித் திருப்பிப் போட்டுப் பாத்தனான், சரியா வந்தது. ஆனா அரைவாசி மாக்ஸ்தான் போட்டிருக்கினம். ஏன்?

நான் முன்னே சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, இந்தக் கேள்வி வரும்வரை சொல்லாமல் வைத்திருப்பேன். திருப்பிப் போடுவது நீங்கள் கண்டது தீர்வா என்று சொல்லும். நீங்கள் காணாமல் விட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வை டாஷ் = வை-வர்க்கம், எல்லாத் தீர்வுகளையும் காண்க. வை-வர்க்கத்தால் வகுத்து, தொகையிட்டு, வை = −1 ÷ (எக்ஸ் + சி) என்று எழுதுகிறீர்கள். திருப்பிப் போட்டால் சரி. ஆனால் வை = 0 உம் தீர்வுதான். சி-க்கு என்ன பெறுமானம் போட்டாலும் அது உங்கள் சூத்திரத்தில் இருந்து வராது. வகுத்த வரியிலேயே அதைத் தொலைத்துவிட்டீர்கள். வை உள்ள எதனாலும் வகுக்கும்போது, அது பூச்சியமானால் என்ன என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடருங்கள். வாளியில் "எப்போதும் பூச்சியம்" என்ற தீர்வும் இப்படித்தான் ஒளிந்திருந்தது.

மிச்ச மாக்ஸ் போனது ஆயிடையில், அதாவது தீர்வு எக்ஸின் எந்த வீச்சில் செல்லும் என்பதில். அதே சமன்பாட்டுக்கு, எக்ஸ் 0 இல் வை 1 என்றால் தீர்வு 1 ÷ (1 − எக்ஸ்). பிறகு "எக்ஸ் 2 ஆகும்போது வை என்ன" என்று கேட்டிருக்கும். அநேகம் பேர் 2 ஐப் போட்டு −1 என்று எழுதுகிறார்கள். வளையி 1 ஐ நெருங்கும்போதே முடிவிலிக்குப் போய்விட்டது. அதற்கு அப்பால் தெரிவது இந்தத் தீர்வின் தொடர்ச்சி அல்ல, வேறொரு துண்டு. தீர்வை எழுதி, பக்கத்தில் "எக்ஸ் 1 இலும் சிறிது" என்று எழுதுங்கள். 2 இல் பெறுமானம் கேட்டால், தீர்வு அங்கே இல்லை என்பதுதான் விடை.